தார் டேங்குக்கு அடியில் இறங்கும் வெப்பம்: அந்த ‘1 மீட்டர்’ எங்கிருந்து வந்தது?

கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. 160 டிகிரியில் தார் வைக்கும் டேங்க் ஒன்று பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது, அதே அளவில் பக்கத்தில் இன்னொன்று கட்டப்போகிறார்கள், உள்ளே போடும் ஹீட்டிங் காயில் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்று முடிவு செய்ய வெப்ப இழப்புக் கணக்கு வேண்டும். விட்டம் 16 மீட்டர், உயரம் 12 மீட்டர். பக்கச் சுவருக்கும் கூரைக்கும் 100 மில்லிமீட்டர் கனிமக் கம்பளி. பழைய டேங்கின் அடித்தட்டுக்குக் கீழே வெப்பக் காப்பு என்று எதுவும் கிடையாது. மணல் மெத்தை, அதற்குக் கீழே மண், விளிம்பைச் சுற்றி கான்கிரீட் வளையச் சுவர், அவ்வளவுதான்.

கணக்குத் தாளைத் திறந்தால் மூன்று வரி. பக்கச் சுவர் 42 கிலோவாட், கூரை 14, அடித்தளம் 42. ஒரே எண் இரண்டு வரியில் இருந்ததைப் பார்த்து, யாரோ ஒரு கட்டத்தை நகலெடுத்து ஒட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, தற்செயல். சுவருக்கு 603 சதுர மீட்டர், சதுர மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு அரை வாட். அடித்தளத்துக்கு 201 சதுர மீட்டர், அதே கணக்கில் ஒன்றரை வாட். பரப்பு மூன்றில் ஒரு பங்கு, சதுர மீட்டருக்கான இழப்பு மூன்று மடங்கு, ஆகவே பெருக்கினால் ஒரே விடை. சரி, அந்த ஒன்றரை எப்படி வந்தது என்று தோண்டினால், மண்ணின் வெப்பக் கடத்துத்திறன் 1.5, அதை மண்ணின் தடிமனால் வகுத்திருக்கிறார்கள், தடிமன் 1 மீட்டர். அதாவது டேங்குக்கு ஒரு மீட்டர் கீழே மண் 20 டிகிரியில் அப்படியே உட்கார்ந்திருக்கிறதாம்.

“இந்த 1 மீட்டர் யார் சொன்னது?” என்று தாளைப் போட்ட பையனைக் கேட்டேன். “பழைய ஷீட்ல இருந்துச்சு சார்.” பழைய ஷீட் போட்டவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவரும் இன்னொரு பழைய ஷீட்டிலிருந்துதான் எடுத்திருப்பார்.

இந்த இடத்தில் அந்த எண்ணைக் கொஞ்சம் ஆட்டிப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். அரை மீட்டர் என்று போட்டால் 84 கிலோவாட். 3 மீட்டர் என்று போட்டால் 14. விடை முழுக்க முழுக்க நம் கையில் இருக்கிறது என்றால் அது கணக்கே இல்லை. ஒரு மீட்டருக்குக் கீழே உள்ள மண்ணுக்கு, மேலே டேங்க் இருப்பது தெரியாதா என்ன? அதுவும் சூடாகும், அதற்குக் கீழே உள்ளதும் சூடாகும், வெப்பம் பக்கவாட்டில் பரவி கடைசியில் டேங்குக்கு வெளியே உள்ள தரை வழியாகக் காற்றுக்குத்தான் போய்ச் சேரும். ஆக, பாதையின் நீளத்தைத் தீர்மானிப்பது டேங்கின் அகலமே தவிர, நாம் நினைத்துக்கொள்ளும் ஆழம் அல்ல. நடுவிலிருந்து கிளம்பும் வெப்பம் நீளமாகச் சுற்றிக்கொண்டு போகவேண்டும், விளிம்பிலிருந்து கிளம்புவதற்குக் குறுக்குவழி இருக்கிறது.

பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு சூத்திரம் உண்டு: முடிவில்லாத மண்ணின் மேல் கிடக்கும் ஒரு வட்டத்தட்டிலிருந்து இறங்கும் வெப்பம் = 2 × விட்டம் × கடத்துத்திறன் × வெப்பநிலை வேறுபாடு. பரப்பு அதில் வரவே வராது, விட்டம் மட்டும்தான் வரும். போட்டுப் பார்த்தால் 2 × 16 × 1.5 × 140, கிட்டத்தட்ட 6.7 கிலோவாட். 42 எங்கே, 6.7 எங்கே! ஆனால் இதை அப்படியே எடுத்துக்கொண்டு ஓடக்கூடாது, ஏனென்றால் இந்தச் சூத்திரம் டேங்கைச் சுற்றியுள்ள தரை வழியாக வெப்பம் வெளியேறவே முடியாது என்று வைத்துக்கொள்கிறது. நான் மேலே சொன்ன குறுக்குவழியை அது மூடிவிடுகிறது. திறந்துவிட்டால் இன்னொரு சிக்கல். சுற்றுத் தரை சரியாக 20 டிகிரி, தட்டு சரியாக 160 டிகிரி, இரண்டும் ஒரு கோட்டில் தொட்டுக்கொள்கின்றன என்றால் அந்தக் கோட்டில் வெப்ப ஓட்டம் முடிவிலிக்குப் போய்விடும். கணினியில் வலைப்பின்னல் போட்டுச் செய்பவர்கள் இதைத்தான் அனுபவிப்பார்கள்: வலையை நுணுக்கமாக்க ஆக்க இழப்பு ஏறிக்கொண்டே போகும், எங்கேயும் நிற்காது, மென்பொருளைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

நிஜத்தில் அந்த விளிம்பில் ஏதாவது ஒரு தடை இருக்கத்தான் செய்கிறது. வெளியே சுவர்க் காப்பின் தடிமன், உள்ளே அடியில் தேங்கிய கெட்டித் தார். மேலே சூடு, கீழே குளிர்ந்த தட்டு என்றால் அடியில் உள்ள திரவம் கலங்காமல் அடுக்காகக் கிடக்கும், அதனால் அங்கே வெப்பம் கைமாறுவதும் மந்தமாகத்தான் நடக்கும். இதையெல்லாம் கணக்கில் சேர்க்க நான் எடுத்துக்கொண்டது கட்டடக்காரர்களின் ஐஎஸ்ஓ 13370. வீட்டுத் தரை வழியாக நிலத்துக்குப் போகும் வெப்பத்துக்காக எழுதிய தரநிலை அது. ஆனால் மண்ணுக்கு மேலே இருப்பது வரவேற்பறையா தார் டேங்கா என்பது தெரியாதே. பரப்பைச் சுற்றளவின் பாதியால் வகுத்து ஒரு அகலம் எடுப்பார்கள், வட்டத்துக்கு அது சரியாக ஆரத்துக்குச் சமம், இங்கே 8 மீட்டர். அப்புறம் தரையிலும் விளிம்பிலும் உள்ள தடைகளை எல்லாம் ‘இத்தனை மீட்டர் மண்ணுக்குச் சமம்’ என்று மாற்றிக்கொள்வார்கள். காப்பில்லாத டேங்குக்கு அதை அரை மீட்டர் என்று வைத்தேன். விடை 13 கிலோவாட்.

அந்த அரை மீட்டரும் ஊகம்தானே என்று கேட்கலாம். ஊகம்தான். ஆனால் கால் மீட்டர் என்று போட்டால் 15.4, ஒரு மீட்டர் என்று போட்டால் 10.5. நான்கு மடங்கு தப்பினாலும் விடை ஒன்றரை மடங்குகூட நகரவில்லை, ஏனென்றால் சூத்திரத்தில் அது மடக்கைக்குள் (log) ஒளிந்திருக்கிறது. முதல் ஷீட்டின் 1 மீட்டருக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

பெரிய ஊகம் வேறு இடத்தில் இருக்கிறது: மண்ணின் கடத்துத்திறன். அது நேரடியாகப் பெருக்கத்தில் நிற்கிறது. ஈரமான மணல் என்றால் 1.5, 2 என்று போகும். அதே மணல் எலும்பாகக் காய்ந்தால் 0.3, 0.4. மணல் துகள்களுக்கு இடையே தண்ணீர் பாலம் போட்டிருக்கும்வரைதான் அந்த 1.5. நிலத்தடி மின்கேபிள் போடுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கேபிளைச் சுற்றி மண் காய்ந்தால் வெப்பத்தடை 1.0-லிருந்து 2.5-க்கு ஏறும் என்று எடுத்துக்கொண்டுதான் மின்னோட்ட வரம்பையே போடுவார்கள். டேங்க் ஆட்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. கேபிள் சூடு அதிகபட்சம் 90 டிகிரி. நம்முடையது 160. அடியில் உள்ள மண் காயுமா என்று யோசிக்கவே வேண்டாம், தண்ணீர் கொதித்தே போயிருக்கும்.

சரி, காய்ந்த மண் ஒரு மீட்டர், கடத்துத்திறன் 0.4 என்றால், தடிமனைக் கடத்துத்திறனால் வகுத்து வரும் தடை 2.5. நல்ல நுரைக்கண்ணாடிக் காப்பு, இந்தச் சூட்டில் கடத்துத்திறன் 0.06 என்று வைத்தால், 150 மில்லிமீட்டருக்கு என்ன தடை? அதுவும் 2.5. அதாவது பழைய டேங்க் தனக்குத் தேவையான காப்பைத் தானே சமைத்துக்கொண்டுவிட்டது. இலவசம், ஆனால் நம்பமுடியாதது. ஒரு நல்ல மழைக்காலம் வந்து மண் நனைந்தால் காப்பு போய்விடும்.

இதைச் சும்மா சொல்லவில்லை, பார்த்தோம். பழைய டேங்கின் அடியில், அடித்தட்டுக்கு 300 மில்லிமீட்டர் கீழே, கசிவு தெரிவதற்காகப் போட்ட குழாய்கள் வளையச் சுவர் வழியாக வெளியே வருகின்றன. ஒரு குழாயின் மூடியைக் கழற்றினால் உள்ளே செங்காவித் துருத்தூளும் ஒரு குளவிக்கூடும். அதைச் சுத்தம் செய்துவிட்டு, மின்கம்பி இழுக்கப் பயன்படும் ஃபைபர் குச்சியின் நுனியில் வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிளைக் கட்டி உள்ளே தள்ளினோம். விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே 98 டிகிரி. நான்கு மீட்டர் உள்ளே 136. அதற்கு மேல் குச்சி போகவில்லை, ஏதோ வளைவில் முட்டி நின்றுவிட்டது. வெறும் 300 மில்லிமீட்டரில் விளிம்புப் பக்கம் 60 டிகிரிக்கு மேல் விழுகிறது, உள்ளே 25-க்குள்தான் விழுகிறது. விளிம்பில் ஓட்டம் அதிகம், நடுவில் குறைவு என்று கணக்கு சொன்னதைத்தான் குச்சியும் சொன்னது. அன்று இரவு மழை பெய்தது. காலையில் வளையச் சுவரின் ஒரு பக்கத்தில், தரை சரிவு தப்பாகிப்போன இடத்தில், மெல்லிசாக ஆவி எழுந்துகொண்டிருந்தது. குச்சியில் 98 காட்டிய இடம் 91 காட்டியது. அடித்தட்டின் கீழ்ப்பக்கம் துருப்பிடிப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டாம், ஆனால் அது வேறு கதை.

அந்த 1 மீட்டரை முழுக்கக் கேலி செய்யவும் முடியாது. நிலத்தடி நீர்மட்டம் மேலே இருந்து, தண்ணீர் நகர்ந்துகொண்டும் இருந்தால், அது வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய்விடும். அப்போது அந்த ஆழத்தில் மண் உண்மையாகவே குளிர்ந்து கிடக்கும். 2 மீட்டரில் ஓடும் நீர் என்றால், இடையில் ஈரமண் இருந்தால் 21 கிலோவாட், முழுக்கக் காய்ந்திருந்தால் 5.6. உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ. இந்த இடத்தில் மண் ஆய்வு அறிக்கை நீர்மட்டம் 9 மீட்டரில் என்று சொன்னதால் அந்தக் கவலை இல்லை. முதல் ஷீட் போட்டவர் ஒருவேளை நீர்மட்டம் 1 மீட்டரில் உள்ள ஓர் இடத்துக்குத்தான் அதைப் போட்டிருப்பாரோ என்னவோ, யார் கண்டது.

இதுவரை பேசியது எல்லாம் வருடக்கணக்கில் ஓடிப் பழகிய நிலை. புதிய டேங்கில் முதல் நாள் சூடான தாரை ஊற்றும்போது கதை வேறு. மண் குளிர்ந்து கிடக்கிறது, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உறிஞ்சும். அந்த ஓட்டம் காலத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறாகக் குறையும். ஈரமண்ணை வைத்து, உள்ளே இருக்கும் திரவத் தடையை விட்டுவிட்டுப் பார்த்தால், முதல் நாள் முடிவில் 98 கிலோவாட், முப்பதாவது நாளில் 18. இந்த விதியில் ஒரு வசதி உண்டு: எந்த நாள்வரை கணக்கிட்டாலும் சராசரி, கடைசி நாள் மதிப்பின் சரியாக இரண்டு மடங்கு. ஆக முதல் மாதச் சராசரி 36 கிலோவாட், மண் குடித்தது மொத்தம் கிட்டத்தட்ட 26 மெகாவாட்-மணி. இதில் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் செலவு சேரவில்லை. கனமீட்டருக்கு 160 கிலோ ஈரம் என்று வைத்தால், மேல் ஒரு மீட்டர் மண்ணைக் காயவைக்க மட்டும் இன்னும் 20 மெகாவாட்-மணி. வேடிக்கை என்னவென்றால், முதல் மாதத்துக்குப் பழைய ஷீட்டின் 42 கிலோவாட் கிட்டத்தட்டப் பொருந்திவிடுகிறது. தப்பான வழியில் போய்ச் சரியான ஊருக்கு அருகில் இறங்கிய மாதிரி. எனவே காயிலைச் சிறிதாக்கவேண்டாம், இருக்கிறபடியே இருக்கட்டும் என்றுதான் எழுதிக் கொடுத்தேன். தினசரி எரிபொருள் கணக்கில் மட்டும் 42-ஐ எடுத்துவிட்டு 13 போடச் சொன்னேன்.

நிலையான நிலைக்கு எப்போது வரும்? ஆரத்தின் வர்க்கத்தை மண்ணின் வெப்பப் பரவல் எண்ணால் (வெப்பம் மண்ணுக்குள் எவ்வளவு வேகமாகப் பரவும் என்று சொல்லும் எண்) வகுத்தால் ஏறக்குறைய மூன்று வருடம். அது வந்துவிட்டது என்று சொல்லும் காலம்கூட இல்லை, நெருங்கத் தொடங்கும் காலம். ஒரு மாதத்தில் வெப்பம் எட்டும் ஆழம் இரண்டரை மீட்டரைச் சுற்றித்தான்.

இங்கேயே முடித்திருக்கலாம். காயில் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் வரைபடத்தைப் பார்த்தபோது, புதிய டேங்க் மணல் மெத்தையில் உட்காரவில்லை, மண் இளகலாக இருப்பதால் பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண்கள்) போட்டு, மேலே முழுக் கான்கிரீட் தளம் போட்டு, அதன் மேல் 150 மில்லிமீட்டர் நுரைக்கண்ணாடி வைத்து, அதற்கு மேல்தான் டேங்க். “காப்பு இருக்கே, கான்கிரீட்டுக்கு என்ன வந்துவிடப் போகிறது” என்பதுதான் எல்லோருடைய எண்ணமும். எனக்கும் முதலில் அதேதான்.

காப்பு போட்டால் இழப்பு 13-லிருந்து 5.7 கிலோவாட்டுக்கு இறங்குகிறது. நல்லது. ஆனால் வெப்பநிலை எங்கே விழுகிறது என்று பாருங்கள். டேங்கின் நடுவில் நின்று கீழே பார்த்தால், காப்பின் தடை 2.5, அதற்குக் கீழே உள்ள மண்ணின் தடை என்ன தெரியுமா? ஆரத்தைக் கடத்துத்திறனால் வகுத்தால் வருவது, 8-ஐ 1.5-ஆல், 5.3. காப்பைவிட இரண்டு மடங்குக்கு மேல்! 140 டிகிரியை இரண்டும் தடையின் விகிதத்தில் பங்கிட்டுக்கொண்டால் காப்பு எடுப்பது 45, மண் எடுப்பது 95. இடையில் சிக்கிய கான்கிரீட் 115 டிகிரி. விளிம்புப் பக்கம் குளிர்ந்திருப்பதால் நிஜத்தில் இதிலிருந்து கொஞ்சம் குறையும், மண் காய்ந்துகொண்டே போனால் கொஞ்சம் கூடும். எப்படிப் பார்த்தாலும் நடுவில் 100-ஐத் தாண்டும். அணுமின் நிலையக் கட்டுமானங்களுக்கான அமெரிக்கக் கான்கிரீட் நிறுவனத்தின் ஏசிஐ 349 விதியின் பழைய பதிப்புகள், தொடர்ந்து சூட்டில் இருக்கும் கான்கிரீட்டுக்குப் பொதுவாக 65 டிகிரி, சிறு சிறு இடங்களில் 93 என்று வரம்பு வைத்திருந்தன. நம் டேங்குக்கு அந்த விதி கட்டாயமில்லை, ஆனால் அந்த எண்கள் எந்தக் கான்கிரீட்டுக்கும் ஒரு நிதானமான எல்லைதான்.

காப்பைத் தடிமனாக்கினால்? 65-க்குக் கொண்டுவர நடுவில் 680 மில்லிமீட்டர் வேண்டும். டேங்கின் முழு எடையையும் தாங்கும் இடத்தில் முக்கால் மீட்டருக்கு நெருக்கமாக நுரைக்கண்ணாடி அடுக்குவது என்றால் யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். அகலமான டேங்கின் அடியில் மண்ணே பெரிய போர்வை. போர்வைக்கு மேலே இன்னொரு மெல்லிய போர்வை போட்டு, இடையில் இருப்பவன் குளிர்ச்சியாக இருப்பான் என்று எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை. முதல் வருடம் எல்லாம் நன்றாகத்தான் தெரியும், அளந்து பார்த்துவிட்டு ‘பிரச்சினை இல்லை’ என்று கோப்பை மூடிவிடுவார்கள். மூன்றாம் வருடம், ஐந்தாம் வருடம் யாரும் அளக்கமாட்டார்கள்.

வழி ஒன்றுதான், கான்கிரீட்டிலிருந்து வெப்பத்தை வெளியே எடுப்பது. உருகிய உப்பை 565 டிகிரியில் சேமிக்கும் சூரிய வெப்ப மின்நிலையங்களிலும் அடித்தளத்துக்குள் குழாய் விட்டுக் காற்று ஓடவைக்கிறார்கள். நம் 160 அதற்கு முன்னால் குழந்தை. தளத்துக்குள் ஒரு மீட்டர் இடைவெளியில் 200 மில்லிமீட்டர் குழாய்கள், 15 எண்ணிக்கை. கான்கிரீட்டை 60-இல் வைத்தால் காப்பு வழியாக இறங்குவது சதுர மீட்டருக்கு 40 வாட், மொத்தம் 8 கிலோவாட். காற்று 15 டிகிரி சூடேறிப் போகலாம் என்று விட்டால் நொடிக்கு அரைக் கிலோ காற்று, குழாய்க்குள் வேகம் நொடிக்கு ஒரு மீட்டர். ஒரு முனையில் குட்டையாகப் புகைபோக்கி வைத்தால் விசிறி இல்லாமலே இழுக்கும். வெளியே 35 டிகிரி வெயில் நாளில் குழாயின் சுவர் 55 பக்கம் நிற்கிறது, குழாய்களுக்கு நடுவே உள்ள கான்கிரீட் இன்னும் சில டிகிரி கூட. இறுக்கமான கணக்குதான், ஆனால் நிற்கிறது.

கவனித்தீர்களா, இழப்பு 5.7-லிருந்து 8-க்கு ஏறிவிட்டது. இதை விளக்கத்தான் நேரம் எடுத்தது. வெப்பம் வீணாகாமல் இருக்கக் காப்பு போட்டு, அப்புறம் குழாய் போட்டு வேண்டுமென்றே வெப்பத்தை வெளியே விடுவதா என்று கூட்டத்தில் கேட்டார்கள். 2.3 கிலோவாட், முழு டேங்கின் இழப்பில் நான்கு சதவீதம்கூட இல்லை. பைல் தலையும் தளமும் வேகாமல் இருப்பதற்கு அதைக் கொடுக்கலாம் என்றேன். கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள். குழாய்களை ஒரு பக்கம் சரிவாகப் போடவேண்டும், இல்லையென்றால் மழைத்தண்ணீர் உள்ளே தேங்கும்; வாயில் வலை வேண்டும், இல்லையென்றால் எலி குடியேறும், கதகதப்பான இடம் வேறு; அந்த வலையைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும், இல்லையென்றால் சருகும் தூசியும் அடைத்து இரண்டு வருடத்தில் குழாய் இருந்தும் இல்லாத கதையாகிவிடும். நடுவிலும் பாதி ஆரத்திலும் விளிம்பிலும் தளத்துக்குள்ளேயே மூன்று தெர்மோகப்பிள் புதைக்கச் சொல்லி வரைபடத்தில் சேர்த்தாயிற்று, இந்த முறை குச்சி வளைவில் முட்டி நிற்காது.

கணக்குத் தாளில் அந்த ‘மண் தடிமன்’ கட்டத்தை அழித்துவிடலாம் என்றுதான் முதலில் இருந்தேன். பையன் வேண்டாம் என்றான். இப்போது அந்தக் கட்டத்துக்குப் பெயர் ‘நகரும் நிலத்தடி நீரின் ஆழம்’, மண் ஆய்வு அறிக்கையின் பக்க எண்ணைப் போடாமல் அதில் எதையும் நிரப்பமுடியாதபடி பூட்டிவைத்திருக்கிறான்.